மண்வாரி யந்திரத்தின் சிலிண்டரைக் கழற்றும் முறை

ஐப்பசி மழை தொடங்குமுன் கண்மாய் வரத்துக்கால்களைச் செப்பனிடுவதும், பண்ணைக் குட்டைகளை ஆழப்படுத்துவதும் ஆலங்குளம் வட்டாரத்துக் கரிசல் விவசாயிகளுக்கு இன்றியமையாத வேலைகள். முன்பு மண்வெட்டியும் கூடையும் கொண்டு செய்த வேலையை இன்று டிராக்டரின் பின்புறம் பூட்டிய மண்வாரி யந்திரம் செய்கிறது. எந்தக் கம்பெனியின் யந்திரமாயினும் நம் மக்கள் அதனை ‘ஜே.சி.பி.’ என்றே அழைப்பர். மழைக்கு முன்னுள்ள நாட்களில் அதன் சிலிண்டரில் எண்ணெய் ஒழுகத் தொடங்கினால் வேலை தடைப்படும், அவசரம் பிறக்கும். அந்த அவசரமே விபத்துக்கு இடமாகிறது. ஆகவே, சிலிண்டரைக் கழற்றும் முறையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கினார். அத்தத்துவத்தைக் கொண்டு 1795-ல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். நமது சிலிண்டரும் அவ்விதமே இயங்குகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. சதுர செ.மீட்டருக்கு 200 கிலோ வீதம் எண்ணெய் அழுத்தினால் பிஸ்டன் 15 டன்னுக்கு மேற்பட்ட விசையுடன் தள்ளும். என்ஜினை நிறுத்தியதும் அழுத்தம் முற்றும் மறைந்துவிடுவதில்லை. தூக்கிய நிலையிலுள்ள கையின் பாரத்தை உள்ளே அடைபட்ட எண்ணெயே தாங்குகிறது. குழாயைக் கழற்றினால் கை கீழே விழும்; அடியில் நிற்பவர் தப்புவது அரிது.

ஆதலின், யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, தாங்குகால்களை ஊன்றி, கையையும் பக்கெட்டையும் தரையில் படிய வைத்தல் முதல் வேலை. பெரிய கையைத் தூக்கும் சிலிண்டரைக் கழற்றுவதாயின், கைக்கு உறுதியான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தல் வேண்டும். பின்னர் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, லிவர்களை எல்லாத் திசைகளிலும் பலமுறை அசைத்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் ஆறும் வரை காத்திருந்து, தொட்டியின் மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும்.

அடுத்து, சிலிண்டரைச் சங்கிலியால் தாங்கச் செய்து, தண்டு முனையிலுள்ள முளையைப் பித்தளைத் தண்டு கொண்டு தட்டி எடுக்கலாம். துளை நேராயிற்றா என்று விரலை விட்டுப் பார்த்தல் கூடாது. இறுகிய முளையை இளக்க, எண்ணெய் உள்ள சிலிண்டரருகே காஸ் தீயைக் காட்டுதல் பெருந்தவறு. பட்டாசுத் தொழிலின் நடுவே வாழும் நமக்குத் தீயின் குணம் புதிதன்று. தண்டை உள்ளிழுக்க என்ஜினை மீண்டும் ஓட்டினால், அழுத்தத்தையும் மீண்டும் வெளியேற்ற வேண்டும்.

குழாய்களைக் கழற்றுமுன் வெவ்வேறு நிற நூல்களைக் கட்டி அடையாளம் செய்து கொள்ளலாம். நெசவாளர் வீட்டில் இதற்குப் பஞ்சமில்லை. மூட்டை முதலில் சிறிதளவே தளர்த்தி, எஞ்சிய எண்ணெயை வடியவிட வேண்டும். கரிசல் தூசி உட்புகாதபடி வாய்களை உடனே மூட வேண்டும். பிறகு மற்ற முளையை எடுத்துச் சிலிண்டரை இறக்கலாம். பட்டறையில் சீலை மட்டும் மாற்றினால் போதாது. தண்டில் கீறலோ வளைவோ இருப்பின் அதையும் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் புதிய சீலும் விரைவில் கெடும். பிஸ்டனை வெளியே தள்ளக் காற்றழுத்தம் பயன்படுத்தினால் அது குண்டுபோல் பாயக்கூடும்.

திரும்பப் பொருத்திய பின், எண்ணெய் அளவைச் சரிபார்த்து, பாரமின்றி மெல்ல இயக்கிக் காற்றைப் போக்க வேண்டும். ஒழுக்கைக் கையால் தடவிப் பார்க்காமல் அட்டைத் துண்டால் சோதிக்க வேண்டும். ஊசித்துளை வழியே பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினும், வலி குறைவாக இருப்பினும், உடனே மருத்துவமனைக்குச் சென்று, எண்ணெய் புகுந்ததென்று கூற வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கே செய்தல் தகும். எனினும் நிலத்துக்குடையவர் பக்கத்தில் நிற்பவராதலின், பாரம் தரையில் இறங்கியதா, அழுத்தம் வெளியேறியதா என்ற இரண்டையும் தவறாது கேட்கும்படி அங்கத்தினர்களை வேண்டிக் கொள்கிறோம்.