வாசல் தாண்டும் பேச்சு

வீட்டு வைஃபையின் உதவியால் டாக்டருடன் பேசிக்கொண்டே, நோயாளியை வண்டியில் ஏற்றி வாசலைக் கடக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். "எத்தனை சொட்டு கொடுக்கவேண்டும்?" என்று கேட்கும் சமயத்தில் பேச்சு அறுந்து போனால் நம் கதி என்ன? ஆகவே, இவ்விஷயத்தை வெறும் சௌகரியம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

ஒரே கம்பெனியின் கோபுரங்களுக்கிடையே பேச்சு கைமாறுவது பழைய சங்கதி. பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஏமஸ் ஜோயல் 1972-ல் அத்தகைய ஏற்பாட்டுக்குப் பேடண்ட் பெற்றார். அங்கே எஜமானர் ஒருவரே. வைஃபையும் கோபுரமுமோ வெவ்வேறு சமஸ்தானங்கள். எல்லை தாண்டியதும் கருவியின் இணைய விலாசமே மாறிவிடுகிறது. பழைய விலாசத்துக்கு வரும் பேச்சுத் துணுக்குகள் ஆளில்லா வீட்டுத் திண்ணையில் கிடக்கவேண்டியதுதான்!

1996-ல் வெளியான 'மொபைல் ஐபி' என்னும் விதி இதற்குத் தபாலாபீஸ் யுக்தியைக் கையாண்டது. சொந்த ஊர்ப் போஸ்டுமாஸ்டரிடம் புது விலாசத்தைக் கொடுத்து வைத்தால், வரும் கடிதங்களை அவர் அவ்விடம் அனுப்பிவிடுவாரல்லவா? ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொலைதூரப் பட்டணத்தில் குடியேறியவருக்கு அடுத்த தெருக்காரர் எழுதும் கடிதமும் சொந்த ஊர் போய்த்தான் திரும்பவேண்டும். கடிதம் தாமதத்தைப் பொறுக்கும், பேச்சு பொறுக்காது.

டெலிபோன் கம்பெனியே வைஃபை வழியாகத் தன் அழைப்பை நடத்தும்போது தொல்லை குறைவு. சமஸ்தானம் இரண்டானாலும் கணக்குப்பிள்ளை ஒருவரே. விலாசத்தை அவர் மாறாமல் காப்பாற்றிக் கொடுக்கிறார்.

நமக்கு மிகவும் பிடித்தது வேறொரு வழி. 'மல்டிபாத் டிஸிபி' என்பது அதன் பெயர். 2013-ல் ஆப்பிள் கம்பெனி ஐபோனில் 'ஸிரி'க்காக அதனை உபயோகித்தது. இரண்டு பாதைகளையும் ஏககாலத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்று தளர்ந்தால் மற்றொன்றில் சுமையை ஏற்றிவிடுகிறது. ஆற்றில் ஒரு கல்லில் காலை ஊன்றிய பிறகே பின்காலை எடுப்பது போன்ற புத்திசாலித்தனம். பாட்டரிதான் சற்று அதிகம் செலவாகும்.

எப்போது மாறுவது என்பதும் லேசான கேள்வியல்ல. சிறிது பலம் குறைந்ததும் தாவினால், மறுகணமே திரும்பித் தாவ நேரிடும். இந்த ஊசலாட்டத்தில் பேச்சு சிதைந்துவிடும். அதற்கு அஞ்சியோ என்னவோ, பல கருவிகள் மங்கிப்போன வைஃபையையே வாசற்கதவு வரை விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றன. கோபுரத்தின் பலம் வீட்டிலேயே நன்றாகக் கிடைக்குமானால், வெளியே புறப்படும்போது முதலில் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் பிறகு அழைப்பதே உசிதம்.