நடுப்பொறிக் காரில் சுழல் பொறியைக் குறுக்காகப் பொருத்துதல்

நடுப்பொறிக் கார் என்பது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலும் பின்சக்கர அச்சுக்கு முன்னாலும் பொறி (எஞ்சின்) அமைந்த கார் ஆகும். பொறியின் தண்டு காரின் நீளவாக்கில் இருந்தால் நெடுக்கு அமைப்பு என்றும், இடவலமாக இருந்தால் குறுக்கு அமைப்பு என்றும் கூறுவர். தாமே கார் கட்டும் ஆர்வலர்கள் சிலர் உந்துருளைப் பொறிக்குப் பதிலாக, சிறியதும் எடை குறைந்ததுமான வாங்கெல் சுழல் பொறியைக் குறுக்காகப் பொருத்த முயல்கின்றனர். அதில் எழும் பொறியியல் சிக்கல்களையும், தமிழ்நாட்டில் அதற்குள்ள வாய்ப்பையும் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சுழல் பொறி: சுருக்கமான அறிமுகம்

செருமானியரான பெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்த சுழல் பொறியின் முதல் மாதிரி 1957இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் இயங்கியது. 1964இல் அந்நிறுவனத்தின் ஸ்பைடர், சுழல் பொறியுடன் விற்பனைக்கு வந்த முதல் கார் ஆனது. பின்னர் சப்பானின் மாஸ்டா நிறுவனம் இப்பொறியை நெடுங்காலம் வளர்த்தெடுத்தது. 1991இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி, நான்கு சுழலிகள் கொண்டது. தமிழ்நாட்டில் மாஸ்டா என்ற பெயரைப் பெரும்பாலோர் அறிந்தது சுவராஜ் மாஸ்டா வேன்கள் வழியாகத்தான். அவற்றில் இருந்தது வழக்கமான டீசல் பொறியே.

இப்பொறியில் மேலும் கீழும் செல்லும் உந்துருளை கிடையாது. முட்டை வடிவ அறைக்குள் முக்கோணம் போன்ற சுழலி ஒன்று சுற்றுகிறது. சுழலி ஒரு முறை சுற்றும்போது தண்டு மூன்று முறை சுற்றும். ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுழலிக்கு ஒரு எரிப்பு நிகழ்கிறது. ஆர்வலர்கள் மிகுதியாக நாடும் மாஸ்டா 13பி பொறியில் இரண்டு சுழலிகள் உள்ளன. ஒவ்வொன்றின் கொள்ளளவு 654 கன செ.மீ.; மொத்தம் 1308 கன செ.மீ.

குறுக்கு அமைப்பின் முன்னோடிகள்

1973இல் வெளிவந்த சித்ரோயன் ஜி.எஸ். பைரோட்டர் காரில் இரு சுழலிப் பொறி முன்பக்கத்தில் குறுக்காக அமைந்திருந்தது. அதே ஆண்டு செனரல் மோட்டார்சு காட்சிப்படுத்திய இரு சுழலி கார்வெட் மாதிரியில் பொறி நடுவில் குறுக்காக வைக்கப்பட்டது. அது விற்பனைக்கு வரவில்லை. 2023இல் மாஸ்டா எம்எக்ஸ்-30 மின்காரில் 830 கன செ.மீ. ஒற்றைச் சுழலிப் பொறி குறுக்காக இடம்பெற்றது. அது சக்கரங்களை ஓட்டுவதில்லை. மின்னாக்கியை மட்டுமே சுழற்றுகிறது.

ஏன் குறுக்காக?

மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7 கார்களில் பொறி முன்னால், நெடுக்காக இருந்தது. அதை அப்படியே நடுவில் வைக்க, கியர்பெட்டியும் டிபரன்சியலும் ஒன்றாக இணைந்த விலையுயர்ந்த நெடுக்குப் பெட்டி தேவைப்படும். முன்சக்கர இயக்கக் கார்களிலோ பொறி, கியர்பெட்டி, டிபரன்சியல் மூன்றும் ஒரே தொகுதியாகக் குறுக்கே அமைந்துள்ளன. அத்தகைய காரின் கியர்பெட்டி பழைய உதிரிபாகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். தொகுதியை முன்னிருந்து தூக்கிப் பின்னால் வைத்தால் நடுப்பொறி அமைப்பு கிடைத்துவிடும்.

சுழற்சித் திசை

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 13பி பொறியைப் பெல்ட் கப்பி உள்ள முனையிலிருந்து பார்த்தால் அது வலஞ்சுழியாகச் சுற்றும். பெரும்பாலான குறுக்குக் கியர்பெட்டிகளில் விசை இரண்டு முறை பல்சக்கரங்களைக் கடக்கிறது. முதல் முறை திசை மாறும். இரண்டாம் முறை பழைய திசைக்கே திரும்பும். எனவே பொறி சுற்றும் திசையிலேயே சக்கரமும் சுற்றும். காரின் வலப்பக்கத்தில் நின்று பார்த்தால், முன்னே செல்லும் காரின் சக்கரம் வலஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே 13பியின் கப்பி முனை காரின் வலப்பக்கம் இருக்க வேண்டும். கியர்பெட்டி இடப்பக்கம் வரும்.

1990களின் பல ஹோண்டா பொறிகள் எதிர்த் திசையில் சுற்றுபவை. அவற்றின் கியர்பெட்டியை 13பியுடன் இணைத்தால் முன்னே செல்ல ஒரு கியரும் பின்னே செல்ல ஐந்து கியர்களும் கிடைக்கும்.

கப்பி முனையிலிருந்து பார்க்கும்போது உள்ளிழு துவாரமும் வெளியேற்று துவாரமும் இடப்பக்கத்திலும், ஸ்பார்க் பிளக்குகள் வலப்பக்கத்திலும் உள்ளன. மேற்கூறியவாறு பொருத்தினால் புகைக்குழாய் காரின் பின்பக்கம் அமையும். இது நன்மையே, சூடு ஓட்டுநரின் முதுகுப்பக்கம் வராது. ஆனால் பிளக்குகள் தடுப்புச் சுவரை நோக்கி அமைவதால், அவற்றைக் கழற்றக் கை நுழையும் இடைவெளியோ திறப்போ விட வேண்டும்.

இணைப்புத் தகடு

பொறியின் பின்புறத் துளைகளும் வேறு நிறுவனக் கியர்பெட்டியின் துளைகளும் பொருந்தா. இரண்டிற்கும் இடையே ஒரு தகட்டை லேத்திலும் மில்லிங் எந்திரத்திலும் உருவாக்க வேண்டும். பொறித் தண்டின் மையமும் கியர்பெட்டி உள்தண்டின் மையமும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பது இன்றியமையாதது. சற்று விலகினாலும் கிளட்ச்சும் பேரிங்கும் விரைவில் தேயும்.

கியர்பெட்டியின் தாங்குதிறனும் முக்கியம். மாருதி 800 பொறியின் முறுக்குவிசை சுமார் 59 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத 13பி இதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தரும். எனவே மாருதி 800 கியர்பெட்டி இதற்கு ஈடுகொடுக்காது.

வெப்பமும் எண்ணெயும்

சுழல் பொறியின் புகை மிகுந்த சூடானது. முழு விசையில் 900 பாகை செல்சியசை நெருங்கும். சுழலிகளை உள்ளிருந்து குளிர்விப்பது எஞ்சின் எண்ணெய். ஆகவே நீர் ரேடியேட்டருடன் எண்ணெய்க் குளிர்விப்பானும் கட்டாயம். ரேடியேட்டரை முன்னால் வைத்தால் நீண்ட நீர்க்குழாய்கள் தேவைப்படும். அவற்றின் உச்சிப் புள்ளியில் காற்றை வெளியேற்றும் திருகு இல்லையெனில் காற்றுக் குமிழ் தேங்கிப் பொறி சூடேறும். சென்னையின் மே மாத வெயிலில், போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காருக்கு இது உயிர்நாடியான செய்தி.

பொறியைத் திருப்பி வைப்பதால் எண்ணெய்த் தொட்டியும் திரும்புகிறது. முன்பு வளைவில் எண்ணெய் ஒதுங்கிய திசை இப்போது பிரேக் பிடிக்கும்போது ஒதுங்கும் திசையாகிறது. எனவே தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளைப் புதிதாக அமைக்க வேண்டும்.

பின்சக்கரப் பாதுகாப்பு

முன்சக்கரத் தொங்கலமைப்பைப் பின்னால் பயன்படுத்துவோர் மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. அந்தச் சக்கரங்கள் ஸ்டியரிங்கால் திரும்புவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் ஸ்டியரிங் கைகளை நீளம் சரிசெய்யக்கூடிய உறுதியான தண்டுகளால் சட்டத்துடன் பிணைக்க வேண்டும். இல்லையெனில் வேகத்தில் பின்சக்கரம் தானே திரும்பிக் கார் சுழன்றுவிடும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் நடுப்பொறிக் கார் கட்டும் மரபு பந்தயத் துறையில் உள்ளது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் பிற்பகுதியில், ஓட்டுநருக்குப் பின்னால் மாருதி 800 பொறியைக் கொண்ட ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். பார்முலா மாருதி எனப்பட்ட அவ்வகைக் கார்கள் குறைந்த செலவில் இளம் ஓட்டுநர்களுக்கு வாய்ப்பளித்தன. நரேன் கார்த்திகேயனும் அவ்வகையில் தொடக்கத்தில் ஓட்டியவர். கரிவரதன் 1995இல் மறைந்தார். கோவை செட்டிப்பாளையம் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. உள்ளூரில் கிடைக்கும் பொறியும் அதற்கே உரிய கியர்பெட்டியும் போதும் என்பதே அவர் பணி காட்டும் பாடம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இத்தகைய வேலைக்குத் தேவையானவை அருகருகே உள்ளன. ஐயப்பன்தாங்கலிலிருந்து வடக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத், மில்லிங் பட்டறைகள் பல. மேற்கே பூந்தமல்லி கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் உள்ளது.

சட்ட வரம்பு

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு பதிவுபெற்ற வாகனத்தின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய வடிவமைப்பு எனில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி முன்மாதிரிச் சோதனையில் தேற வேண்டும். தனிநபருக்கு இச்செலவு பெரும்பாலும் எட்டாதது. ஆகையால் வீட்டில் கட்டிய சுழல் பொறிக் காரைப் பொதுச் சாலையில் ஓட்ட இயலாது. உரிய அனுமதியுடன் மூடிய தடத்தில் ஓட்டுவதே நடைமுறை வழி. திட்டம் தொடங்கும் மாணவர்கள் பொறியை வாங்கும் முன்பே இதை அறிந்திருப்பது பணத்தையும் உழைப்பையும் காக்கும்.