கோல்ஃப் திடல் இல்லாத ஊரில் ஸ்விங் பழகலாம்

ராஜபாளையத்திலும் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை. கோல்ஃப் ஆட ஆசைப்பட்டால் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போக வேண்டும். இல்லையென்றால் 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கிளப்புக்கு மலையேற வேண்டும். வருஷத்தில் சில நாள் அப்படிப் போய் ஆடிவிட்டு வருகிறவர்கள், "டச் விட்டுப் போச்சு" என்று அலுத்துக்கொள்வது வழக்கம். விட்டுப்போனது திடல்தான். மட்டையை வீசும் ஸ்விங்கைப் பழகத் திடல் தேவையில்லை. அதிகாலையில் ஆளில்லாத பள்ளி மைதானத்தின் ஒரு மூலை போதும்.

கொடைக்கானல் ஆட்டத்தை வைத்து நம் ஸ்விங்கை எடை போடவும் கூடாது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு; அதே அடிக்குப் பந்து நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு கூடுதலாகப் பறக்கும். சமவெளிக்கு வந்ததும் அந்தத் தூரம் குறையும். உடனே பதறி ஓங்கி அடிக்கத் தொடங்குவார்கள். கெடுதல் ஆரம்பிக்கும் இடம் அதுதான்.

வலக்கைக்காரர் அடிக்கும் பந்து வலப்பக்கமாக வளைந்து ஓடுவதை ஸ்லைஸ் என்பார்கள். அமெச்சூர்களில் மிகப் பலருக்கும் உள்ள நோய் இது. கிளப் என்னும் மட்டையின் முகமும் பந்தும் தொட்டுக்கொள்ளும் நேரம் ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நொடியில் முகம் எங்கே பார்க்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் பந்து கிளம்பும். கிளப் வரும் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள விலகல்தான் வளைவைத் தருகிறது. விறகு பிளப்பவரைப் போலத் தோளிலிருந்து கிளப்பை இறக்கினால், அது வெளியிலிருந்து உள்பக்கமாகப் பந்தை வெட்டும். முகமும் திறந்திருந்தால் ஸ்லைஸ் நிச்சயம். பந்து வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கம் திரும்பி நிற்பவர்கள் அந்த வெட்டை இன்னும் கூட்டிக்கொள்கிறார்கள்.

மருந்து பிடியில் இருக்கிறது. தெருவிலும் கண்மாய்க் கரையிலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த நமக்கு, சிக்ஸர் அடிக்கும்போது கீழ்க்கை ஓங்கிப் பழகிவிட்டது. கோல்ஃபில் அந்தக் கை சற்று அடங்க வேண்டும். இடக்கையை முதலில் வைத்து மேலிருந்து பாருங்கள்: இரண்டு விரல் முட்டிகளாவது தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் முகம் திறந்துகொள்ளப் போகிறது. பிடி இறுகினால் மணிக்கட்டு சுழலாது, அதனால் தளர்வாகவே பிடியுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். செவன் ஐயன் என்ற நடுத்தரத் தூரக் கிளப்புக்குப் பந்து கால்களுக்கு நடுவில் இருக்கட்டும். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவருக்கு இடக் குதிகாலின் உள்பக்கம். கிளப் கீழே இறங்கும்போது முதலில் அசைய வேண்டியது இடுப்பு, பிறகுதான் தோளும் கையும்.

இனி மைதானத்துக்கு வாருங்கள். கபடிக்குப் போடுவது போலத் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கோடு இரு கால்களுக்கும் நடுவில் வரும்படி நின்று, பந்தே வைக்காமல் ஐயனால் பாதி ஸ்விங் போடுங்கள். கிளப் புல்லை உரசும் தடம் கோட்டில் தொடங்கி முன்னால் போக வேண்டும். கோட்டுக்குப் பின்னால் உரசினால் உடல் எடை இன்னும் பின்காலிலேயே நிற்கிறது என்று பொருள். ஐயன் முதலில் பந்தையும் பிறகு தரையையும் தொட வேண்டும் என்ற பாடம் இந்தக் கோட்டிலேயே முழுதாக இருக்கிறது. கோடு பிடிபடும்வரை முழு ஸ்விங் வேண்டாம். நம் வெயிலில் இறுகிப்போன மண்ணை ஓங்கி அடித்தால் மணிக்கட்டு போய்விடும்; அதற்குத் தென்னைநார் விரிப்பு போட்டுக்கொள்ளலாம். உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் பந்துகளே போதும். அசல் பந்து 46 கிராம் கல். ஆள் நடமாடும் இடத்தில் அதைத் தொடவே கூடாது.

செல்போனைக் கை உயரத்தில் நிறுத்தி, நேர் எதிரிலிருந்து ஒன்று, பந்துக்குப் பின்னாலிருந்து இலக்கை நோக்கி ஒன்று என்று மெதுவேகத்தில் படம் எடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். நாலு வீடியோ பார்த்து நாலையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் கையில் இருந்த ஸ்விங்கும் கலைந்துபோகும்.

காசு உள்ளவர்களுக்குத்தான் ஸ்விங் வரும் என்பதை நான் ஏற்கவில்லை. டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூரில் அதேபோலப் பை சுமக்கும் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே வந்த ஸ்விங் அது. தூரம்தான் எல்லாம் என்பவர்களுக்குப் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் பதில் சொல்லியிருக்கிறார்: 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவராக இருந்தும் நான்காம் இடம் பிடித்தார். பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டிங் அவரைத் தூக்கி நிறுத்தியது. 72 அடிகள் என்று கணக்கிட்ட திடலில் 36 அடி புட்டிங்குக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு வீட்டுச் சிமென்ட் தரையும் ஒரு டம்ளரும் போதும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளி, கல்லூரி, ஆலை வளாகங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைதானத்தின் ஒரு மூலையில் கண்ணி சிறுத்த வலை ஒன்றைக் கட்டுங்கள்; ஒரு விரிப்பும் இரண்டு பழைய ஐயன்களும் வையுங்கள். பிள்ளைகள் வந்து அடித்துப் பார்க்கட்டும்.