கோடு முதலில், சுவர் பிறகு

புதுச்சேரியின் சேதராப்பட்டில் தொழிற்சாலைக்கு ஷெட் போட நினைப்பவர், செங்கல் இறக்கும் முன்பே பிளான் அப்ரூவல் வாங்கியாக வேண்டும். மனையின் நாலு பக்கமும் எத்தனை அடி விடுவது, எவ்வளவு உயரம் எழுப்புவது என்று விதி சொல்கிறது. இப்படிப்பட்ட விதிகளுக்கு மூலம் தேடினால் புத்தகங்கள் பெரும்பாலும் லண்டனைக் காட்டும். 1666-இல் ஊர் எரிந்தது. 1667-இல் வந்த சட்டம் வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும் என்றது. வீடுகளை நாலு வகையாகப் பிரித்து, சுவரின் பருமனையும் வரையறுத்தது. ஆபத்து வந்தது, விதி பிறந்தது. புதுச்சேரிக்கு இந்தக் கதை பொருந்தாது என்றே நினைக்கிறேன். இங்கே முதலில் வந்தது தெருக்கோடு.

1693-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1699 வரை வைத்திருந்தார்கள். அவர்கள் 1694-இல் வரைந்த படத்தில், நேராக ஓடிச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் தெருக்களைக் காண்கிறோம். நெசவாளர் உள்ளிட்ட தொழிற்குழுக்களுக்கு இடம் பிரித்திருப்பதும் தெரிகிறது. பிரெஞ்சு நகரம் என்று நாம் பழகிப்போன கட்டமைப்புக்கு டச்சுக்காரர்களே வித்திட்டவர்கள் என்பதை வரலாற்றாசிரியர் ழான் டெலோஷ் இந்தப் படங்களைக் கொண்டே நிறுவினார். படம் வரைந்தால் விதி ஆகிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் ழான் லா தெ லோரிஸ்தோன் ஆளுநராக வந்து மீண்டும் கட்டியபோது, ஊர் பழைய தெருக்கோடுகளிலேயே எழுந்தது. பழைய கடைக்கால் மண்ணுக்குள் இருந்ததால் அதன்மேல் கட்டுவது மலிவு, அவ்வளவுதான் என்று சொல்பவர்கள் உண்டு. வீடுகளுக்கு அது சரி. ஆனால் தெருவுக்குக் கடைக்கால் கிடையாது. இடிபாட்டுக்கு நடுவே அது வெற்றிடமாகவே மிஞ்சியது என்றால், கோட்டைத் தாண்டிச் சுவர் வைக்கக்கூடாது என்ற எண்ணம் அதற்குள் வேரூன்றிவிட்டது என்றுதான் பொருள்.

தெருவுக்கு அடுத்தபடியாக விதி நுழைந்த இடம் அண்டை வீட்டுச் சுவர். 1664-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம், அதன் குடியேற்றங்களில் பாரிஸ் வழக்காற்றுச் சட்டமே செல்லும் என்றது. அந்தச் சட்டத்தின் நுணுக்கம் வியக்க வைக்கிறது. பொதுச்சுவரை ஒட்டிக் கிணறோ கழிவறையோ அமைப்பவர், ஓரடிப் பருமனில் தனியாக ஒரு தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டும். சுவருக்கு ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் கழிவறை என்றால், இரண்டுக்கும் இடையே மொத்தம் நாலடிக் கட்டுமானம் தேவை. நோய்க்கிருமி என்ற பேச்சே இல்லாத காலத்தில், குடிதண்ணீரைக் காத்தது இந்த நாலடிதான். 1819-இல் இங்கே நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டமும் அதே வழியில் போனது: அடுத்தவர் மனையை நேராகப் பார்க்கும் ஜன்னல், எல்லையிலிருந்து 1.90 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்.

சட்டம் எதற்கு, வழக்கமே போதாதா என்பது இன்னொரு மறுப்பு. வைசியாள் வீதி அதற்கு நல்ல சாட்சி. மரத்தூண்களில் நிற்கும் ஓட்டுத் தாழ்வாரம், வழிப்போக்கருக்கு நிழல். அதற்கு உள்ளே உயரமான திண்ணை, பிறகு தலைவாசல். வீட்டுக்கு வீடு இந்த வரிசை தொடர்கிறது. பாரிசில் தெருவுக்குள் நீட்டிக் கட்டுவதை 1607-லேயே மன்னர் ஆணை தடுத்தது. இங்கே தெருப்பக்கம் நீளும் தாழ்வாரமே தெருவின் அழகு. வழக்கத்தின் வலிமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரே பொருள்களும் ஒரே கொத்தர்களும் ஒருவரையொருவர் அறிந்த குடிகளும் இருந்தவரை அது தாங்கியது. கான்கிரீட் வந்து, மாடிமேல் மாடி ஏறி, மனை கைமாறியபோது தாழ்வாரங்கள்தான் முதலில் போயின.

1969-இன் நகர ஊரமைப்புச் சட்டமும் 1972-இன் கட்டட விதிகளும் வந்தபின், பழைய நகரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைக்கு வெளியே இருந்த வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் பிளான் போய்ச் சேர்ந்தது. அதன் தர்க்கம் தலைகீழ். பழைய வீதி எல்லா வீட்டையும் ஒரே கோட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தியது. செட்பேக் விதி கட்டடத்தைக் கோட்டிலிருந்து பின்னுக்குத் தள்ளுகிறது. குடியிருப்புத் தெருவில் இது திண்ணைக்கு இடமில்லாமல் செய்தது. அதை இழப்பென்றே சொல்வேன். தொழிற்பேட்டையில் கணக்கு வேறு. லண்டன் கதை கடைசியாகப் பொருந்துவது இங்கேதான்: ஷெட்டில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி சுற்றி வர அந்த வெற்றிடம் வேண்டும், அதில் மூட்டையும் டிரம்மும் அடுக்கியிருக்கக்கூடாது.