சிபில் ஸ்கோர் அடி வாங்கிடுச்சா? வக்கீலை எப்போ பார்க்கணும், எப்போ பார்க்கத் தேவையே இல்லை?

வீட்டுக் கடனுக்கு அப்ளை பண்றீங்க. சம்பளச் சான்று, பத்திரம் எல்லாம் சரியா இருக்கு. ஆனா வங்கியில் ஒரே வரியில் சொல்லி அனுப்பிடுறாங்க: "சிபில் சரியில்லை சார்." ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், நாலு வருஷத்துக்கு முன்னாடியே மூடிய கிரெடிட் கார்டில் இன்னும் பாக்கி இருப்பதாகக் காட்டுது. அடுத்த நாளே மொபைலில் ஒரு விளம்பரம்: 'வக்கீல் மூலம் 30 நாளில் சிபில் கிளியர்!' பணம் கட்டலாமா?

அவசரப்படாதீங்க. வக்கீல் உதவக்கூடிய இடமும் இருக்கு, வக்கீலுக்கு அனுமதியே இல்லாத இடமும் இருக்கு. விரிவாகப் பார்க்கலாம்.

கடனுக்கு மட்டும்தான் பாதிப்பா?

இல்லை. கடன் வரலாறு சரியில்லை என்று சொல்லி, தேர்வில் வென்ற ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. அந்த முடிவு சரிதான் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. ஆக, ரிப்போர்ட்டில் இருக்கும் ஒரு தப்பான வரி, வேலைக்கே வேட்டு வைக்கலாம்.

தப்பா? உண்மையா? முதலில் இதைப் பிரிங்க

இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் கடன் விவரங்களைத் தொகுக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரணும். நான்கையும் எடுத்துப் பாருங்க. ஒன்றில் இருக்கும் தப்பு இன்னொன்றில் இல்லாமல் இருக்கலாம்.

கட்டி முடித்த கடன் பாக்கியாகக் காட்டுவது, நீங்க வாங்காத கடன் உங்க பான் எண்ணில் ஏறியிருப்பது, ஒரே கடன் இரண்டு முறை பதிவாகியிருப்பது... இதெல்லாம் தப்பான பதிவு. இதைத் திருத்தச் சொல்ல 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் உங்களுக்கு உரிமை தருது.

ஆனா, ஆறு மாசம் இஎம்ஐ கட்டாதது நிஜம்னா? அதை எந்த வக்கீலாலும் அழிக்க முடியாது. பாக்கியைக் கட்டி, அடுத்தடுத்த தவணைகளைத் தேதி தவறாமல் கட்டுவது மட்டும்தான் வழி. அழித்துத் தர்றேன்னு யாராவது சொன்னால், அங்கேயே உஷாராகிடுங்க.

வக்கீல் இல்லாமலே செய்ய வேண்டிய 3 விஷயங்கள்

1. கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் 'டிஸ்பியூட்' பதிவு செய்யுங்க. கூடவே வங்கிக்கும் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்க. ஏன் இரண்டு இடம்? சிபில் தானாக எதையும் மாற்றாது. தகவல் கொடுத்த வங்கி ஒப்புக்கொண்டால்தான் பதிவு மாறும். நோ டியூ சான்றிதழ், கணக்கை மூடிய கடிதம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் இணைத்துடுங்க. புகார் எண்ணைப் பத்திரமா வச்சுக்கோங்க.

2. 30 நாள் எண்ணுங்க. அதற்குள் புகார் தீரவில்லை என்றால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரணும். ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கு. உதாரணத்துக்கு, 50-வது நாளில்தான் சரி செய்தார்கள் என்றால் 20 நாளுக்கு 2,000 ரூபாய். வங்கி 21 நாளுக்குள் திருத்தம் அனுப்பாவிட்டால் வங்கி தரணும். வங்கி அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் இழுத்தடித்தால் அந்த நிறுவனம் தரணும்.

3. அப்பவும் பதில் இல்லையா, பதில் திருப்தியா இல்லையா? ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மேனிடம் போங்க. கட்டணம் கிடையாது. ஆன்லைனிலேயே புகார் செய்யலாம். உதவிக்கு 14448 என்ற எண். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் இதன் வரம்புக்குள் வந்துவிட்டன.

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கு. ஆம்பட்ஸ்மேனிடம் உங்களுக்காக வக்கீல் புகார் கொடுக்க முடியாது. 2021-ல் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்திலேயே இது தெளிவாக இருக்கு. பாதிக்கப்பட்டவர் நேரடியாகக் கொடுக்கலாம், அல்லது வக்கீல் அல்லாத பிரதிநிதி மூலம் கொடுக்கலாம்.

இன்னொன்று: இதே பிரச்னைக்காக ஏற்கெனவே நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால், ஆம்பட்ஸ்மேன் புகாரை எடுக்க மாட்டார். அவசரப்பட்டு முதலிலேயே கேஸ் போட்டால், இலவசமான இந்தக் கதவை நீங்களே மூடிக்கொண்ட மாதிரி ஆகிடும்.

அப்போ வக்கீல் எப்போ தேவை?

வங்கியிலிருந்து செட்டில்மென்ட் பேச அழைக்கும்போது. லோக் அதாலத்திலோ நேரடியாகவோ பேசி, பாக்கியில் ஒரு பகுதியைக் குறைத்துக் கட்டி முடிக்கலாம். ஆனா ரிப்போர்ட்டில் அது 'குளோஸ்டு' என்று வராமல் 'செட்டில்டு' என்று வந்தால், அடுத்த கடனுக்குச் சிக்கல். எந்த வார்த்தை பதிவாகும், எத்தனை நாளில் பதிவாகும் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கணும். அந்தக் கடிதத்தைப் படித்துப் பார்க்க வக்கீல் தேவை.

உங்க பெயரில் வேறு யாரோ கடன் வாங்கியிருந்தால். 1930 எண்ணில் சைபர் கிரைம் புகார் கொடுத்த பிறகும் வசூல் நோட்டீஸ் வந்துகொண்டே இருந்தால், பதில் நோட்டீஸ் அனுப்ப வக்கீல் வேண்டும். கோர்ட் சம்மன் வந்துவிட்டால் ஒருநாள்கூடத் தள்ளிப் போடாதீங்க.

நஷ்ட ஈடு கேட்கும்போது. தப்பான பதிவால் கடன் கைவிட்டுப் போனது என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்னை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு செய்யணும். அங்கே நீங்களே வாதாடலாம், ஆனா நஷ்டத்தை ஆதாரத்தோடு நிரூபிக்க வக்கீல் இருந்தால் பலம்.

ஃபீஸ் கட்ட வசதி இல்லையா?

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்க. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோர் வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் கேட்கலாம். உதவி எண் 15100.

விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீங்க

பார் கவுன்சில் விதிப்படி, வக்கீல்கள் விளம்பரம் செய்து கேஸ் பிடிக்கக் கூடாது. கிடைக்கும் பலனைப் பொறுத்து ஃபீஸ் பேசவும் கூடாது. ஆக, 'ஸ்கோர் ஏறினால் மட்டும் பணம்' என்று ரீல்ஸில் ஒருவர் சொன்னால், அவர் வக்கீல் இல்லை, அல்லது விதியை மீறும் வக்கீல். ஓடிபி, பான், ஆதார் எதையும் அவரிடம் கொடுக்காதீங்க.

கடன் வாங்கும் திட்டம் இருக்கோ இல்லையோ, உங்க இலவச ரிப்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்க. தப்பு இருந்தால், திருத்தவே ஒரு மாசம் ஆகும். வங்கியில் போய் உட்கார்ந்த பிறகு தெரிந்தால், அந்த ஒரு மாசம் உங்க கையில் இருக்காது.