கால் நகம் சதைக்குள் இறங்கினால்

மண்வெட்டி பிடிக்கும்போதும் வழுக்கும் வரம்பில் நடக்கும்போதும் உடற்பாரத்தைத் தாங்குவது கால் பெருவிரலே. அந்த விரல் நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கிவிட்டால் ஆள் நொண்டத் தொடங்குவார். சொந்தக் காணியை விட்டுவந்து பிறர் வயலில் நாட்கூலிக்கு நிற்கும் குடும்பத்துக்கு இது சின்ன வருத்தமல்ல. எனினும் இதனை எவரும் வருத்தமாகக் கணிப்பதில்லை. பழைய பிளேட் ஒன்றை எடுத்து மூலையைக் கிண்டி, துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவதே வழக்கம். அப்படிக் கிண்டுவதுதான் இந்த வருத்தத்தை வளர்க்கிறது.

நகத்தின் மூலையை வளைத்து வெட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத உள்ளோரத்தில் முள்போல ஒரு துண்டு மிஞ்சிவிடும். நகம் முன்னோக்கி வளர, அந்த முள்ளும் சதையைக் குத்திக்கொண்டு முன்னேறும். கிண்டியவருக்கு இரண்டு நாள் சுகம் தெரியும்; சில கிழமைகளில் வலி திரும்பி வரும்; மீண்டும் இன்னும் ஆழமாகக் கிண்டுவார். இறுக்கமான சப்பாத்தும் ஒரு காரணம். நிவாரணமாகக் கிடைத்த அளவில்லாச் சப்பாத்தையும், கால் வளர்ந்த பின்னும் மாற்றாத பாடசாலைச் சப்பாத்தையும் பிள்ளைகள் போடுவதை நாம் எங்கும் காண்கிறோம். விரலில் கல் விழுந்து நகம் உடைவதாலும், பிறவியிலேயே நகம் வளைந்திருப்பதாலும் இது வரலாம். வளரிளம் பிள்ளைகளிடமும் இளைஞரிடமும் அதிகம் காணப்படுகிறது.

விரலில் எலுமிச்சம்பழம் செருகுவது நகச்சுற்றுக்கு நம் பெரியவர்கள் செய்யும் வைத்தியம். எரிவு சற்றுத் தணியலாம். ஆனால் சதைக்குள் நிற்கும் நகமுள்ளை எலுமிச்சையோ மஞ்சளோ வெளியே எடுத்துவிடாது. சுண்ணாம்பு பூசவே வேண்டாம். அது சதையை வேகவைக்கும். நகத்தின் நடுவில் ஆப்புப்போல வெட்டினால் ஓரங்கள் உள்ளே இழுபடும் என்பதும் வீண் நம்பிக்கை. நகம் வளர்வது அடியிலிருந்து. நுனியில் வெட்டுவது அதனை மாற்றாது.

சிவப்பும் வலியும் மட்டும் இருந்து சீழ் இல்லாவிட்டால் வீட்டிலேயே மாற்றலாம். சிறிது உப்புக் கலந்த இளஞ்சூட்டு நீரில் நாளுக்கு மூன்று நான்கு தடவை, பத்துப் பதினைந்து நிமிடம் காலை வைத்திருங்கள். தண்ணீர் அரிதான இடத்தில் காலையும் மாலையுமாவது செய்யுங்கள். பின் நன்றாக ஈரம் துடைத்து, நக ஓரத்துச் சதையை விரலால் மெல்ல வெளிப்பக்கம் தள்ளுங்கள். சுத்தமான பஞ்சுத் திரி ஒன்றை நக மூலையின் கீழ்ச் செருகி, நாளும் மாற்றி வாருங்கள். ஒட்டும் பிளாஸ்ரர் துண்டொன்றைச் சதையில் ஒட்டி, நகத்திலிருந்து விலகும்படி இழுத்து விரலின் அடிப்பக்கமாகச் சுற்றுவதும் பயன் தரும். இந்த நாட்களில் நகத்தைத் தொட்டு வெட்டக் கூடாது. அது சதையைத் தாண்டி வளரட்டும். விரல் முன்பக்கம் திறந்த செருப்பே நல்லது.

சில நாளில் குறையாவிட்டாலோ, சீழ் வந்தாலோ, ஓரத்தில் இரத்தம் கசியும் சிவந்த சதை வளர்ந்தாலோ, அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். அங்கு சிகிச்சை இலவசம். ஏற்புவலி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பலர் கடையில் கிருமிகொல்லிக் குளிசை வாங்கி விழுங்கிவிட்டு ஆறுதலடைகிறார்கள். முள் உள்ளே இருக்கும்வரை குளிசையால் மட்டும் இது மாறாது. பழுப்பு விரலைத் தாண்டிப் பரவினால்தான் அந்த மருந்துக்கு முக்கிய வேலை உண்டு.

வைத்தியர் செய்யக்கூடியவை சில. சேலைன் குழாய் போன்ற மெல்லிய குழாயை நீளவாட்டில் பிளந்து நக ஓரத்தில் மாட்டி, நகம் சதையைக் குத்தாமல் காப்பது ஒன்று. அடிக்கடி திரும்பும் வருத்தத்துக்கு, விரலை ஊசியால் விறைக்கச் செய்து, குத்தும் ஓரத்து நகத்தை மட்டும் ஒடுங்கிய கீற்றாக அடிவரை எடுத்து, அந்த நக வேரில் பீனோல் தடவுவார்கள். அந்த ஓரம் பின்னர் வளராது. 1865 இல் கிளாஸ்கோவில் லிஸ்டர் காயங்களைச் சுத்தம் செய்யக் கையாண்ட அதே பொருள்தான் பீனோல். உள்வளரும் நகத்துக்கு அதனைப் பயன்படுத்தும் முறையை 1945 இல் ஓர் அமெரிக்கப் பாத வைத்தியர் எழுதி வெளியிட்டார். இது தோலை எரிக்கும் மருந்து. வைத்தியர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். நிலம் கழுவும் பினைலை விரலில் ஊற்றலாம் என்று எவரும் எண்ணிவிடாதீர்கள்!

முழு நகத்தையும் பிடுங்கிவிடும்படி கேட்பவர்கள் உண்டு. நாம் அதனை விரும்பமாட்டோம். வேரை விட்டு நகத்தை மட்டும் பிடுங்கினால், அது வளர ஓராண்டுக்கு மேல் எடுக்கும். வளர்ந்ததும் பழையபடி சதைக்குள் இறங்குவது மிகச் சாதாரணம்.

நீரிழிவு, அதாவது சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன வீட்டு வைத்தியம் பொருந்தாது. அவர்களது காலில் உணர்வும் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். சுடுநீர் சுட்டாலும் தெரியாது, புண் ஆழமானாலும் வலிக்காது. விரலையே எடுக்க வேண்டிய நிலை அப்படித்தான் வருகிறது. சிவப்பைக் கண்ட அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

வயலில் இறங்குவோருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி புகுவது பெரும்பாலும் தோல் வெடிப்பாலும் புண்ணாலும்தான். 2008 இல் இந்நோய் இலங்கையில் பெருமளவில் பரவியது. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்திலும் உயிர்களைப் பலி கொண்டது. நகப்புண் திறந்திருக்கும்போது சேற்றில் இறங்காதீர்கள். இறங்கியே ஆகவேண்டுமென்றால், முன்கூட்டியே எடுக்கும் தடுப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பின்னர் காய்ச்சலும் தசை வலியும் வந்தால், வயலில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நகத்தைக் குளித்தபின், மெதுவாக இருக்கும்போது, நேராக வெட்டுங்கள். மூலை சதைக்கு வெளியே தெரியட்டும். வீட்டுக்கு ஒரு நகவெட்டி வாங்கிச் சவர்க்காரத்தால் கழுவி வையுங்கள். ஒரே பிளேட்டை நாலுபேர் பாவிப்பது வேண்டாம்.

பீனோல் வைத்த விரலில் இரண்டு முதல் நான்கு கிழமைவரை, சிலருக்கு அதற்கும் மேலாக, நீர் கசியும். அதுவரை சேறு ஆகாது. ஆகவே, சீழும் காய்ச்சலும் இல்லாத வருத்தமென்றால், விதைப்பும் அறுவடையும் எப்போது என்று வைத்தியரிடம் சொல்லி, இரண்டுக்கும் இடையில் நாள் கேளுங்கள்.