அப்பா ஒரு ஸ்கூல்.. அம்மா ஒரு ஸ்கூல்.. பிரிந்து வாழும் தம்பதியின் குழந்தையை எங்கே சேர்ப்பது?

சென்னை,

கணவன் - மனைவி பிரிந்து வாழும் குடும்பங்களில் விவாகரத்து, ஜீவனாம்ச சண்டைகள் ஓய்ந்த பிறகும் ஓயாத ஒரு சண்டை உண்டு. அதுதான் பிள்ளையை எந்த பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்ற சண்டை. அட்மிஷன் சீசன் வந்தாலே குடும்பநல கோர்ட்டுகளில் இது தொடர்பான மனுக்களும் வந்துவிடும்.

உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். தாய் பெரம்பூரில் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். தந்தை தாம்பரத்தில் வேலை பார்க்கிறார். 6 வயது மகள் வாரத்தில் 5 நாள் அம்மாவிடமும், சனி, ஞாயிறு அப்பாவிடமும் இருக்கிறாள். "வீட்டுக்கு பக்கத்துல இருக்கிற மெட்ரிக் பள்ளியே போதும், பாட்டி கூட்டிட்டு போய் கூட்டிட்டு வந்துடுவாங்க" என்கிறார் தாய். "என் பொண்ணு சி.பி.எஸ்.இ.தான் படிக்கணும், பீஸ் நான் கட்டுறேன்" என்று தாம்பரத்தில் சீட் வாங்கி விடுகிறார் தந்தை. இரண்டு பள்ளியிலும் பணம் கட்டியாகிவிட்டது. ஜூன் மாதம் அந்த குழந்தை எங்கே போவாள்?

இப்படிப்பட்ட நேரத்தில் சட்டம் என்ன சொல்கிறது, பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றிய விவரம் வருமாறு:-

முடிவு எடுக்கும் உரிமை யாருக்கு?

"நான்தான் அப்பா, நான் சொல்றதுதான் சட்டம்" என்று பலர் நினைக்கிறார்கள். 1956-ம் ஆண்டு இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தில் இயற்கை பாதுகாவலர் தந்தை, அவருக்கு பிறகு தாய் என்று இருப்பது உண்மைதான். ஆனால் 1999-ம் ஆண்டு கீதா ஹரிஹரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விளக்கம் சொல்லிவிட்டது. 'அவருக்கு பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் அர்த்தம் அல்ல. தந்தை பிள்ளையை கவனிக்காமல் இருந்தாலும், கவனிக்க முடியாத நிலையில் இருந்தாலும் தாய் பாதுகாவலராக செயல்படலாம் என்பதுதான் அந்த தீர்ப்பு.

அதே சட்டத்தில், 5 வயது முடியாத குழந்தை பொதுவாக தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் உள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக குழந்தையின் நலனே முதன்மையானது என்று 13-வது பிரிவு சொல்கிறது. மற்ற மதத்தினருக்கும் பொதுவாக உள்ள 1890-ம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்திலும் குழந்தையின் நலனைத்தான் கோர்ட்டு பார்க்க வேண்டும்.

ஆகவே, "யாருக்கு உரிமை அதிகம்?" என்று நீதிபதி கேட்கமாட்டார். "குழந்தைக்கு எது நல்லது?" என்றுதான் கேட்பார். சென்னையில் இருந்து சுப்ரீம் கோர்ட்டு வரை போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டு பொருளும் அல்ல என்று 1973-ம் ஆண்டிலேயே நீதிபதிகள் சொல்லிவிட்டனர். குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவு நிரந்தரம் அல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான்.

'ஜாயிண்ட் கஸ்டடி' என்றால் என்ன?

குழந்தை இருவர் பொறுப்பிலும் இருப்பதை ஜாயிண்ட் கஸ்டடி என்கிறார்கள். இதற்கு நம் நாட்டு சட்டத்தில் தனி பிரிவு கிடையாது. இதை சட்டத்தில் சேர்க்கலாம் என்று மத்திய சட்ட கமிஷன் 2015-ம் ஆண்டு தனது 257-வது அறிக்கையில் சிபாரிசு செய்தது. நடைமுறையில், இருவரும் பேசி எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தை கோர்ட்டு ஏற்று உத்தரவு போடும்போது இது நடக்கிறது.

சிக்கல் தொடங்குவதும் அந்த ஒப்பந்தத்தில்தான். "குழந்தையின் படிப்பை இருவரும் கலந்து பேசி முடிவு செய்வோம்" என்று ஒரே வரியில் எழுதி கையெழுத்து போட்டு விடுகிறார்கள். கலந்து பேசி முடிவு வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதுவது இல்லை. ஒரு வருடம் கழித்து எல்.கே.ஜி. அட்மிஷன் வரும்போது மறுபடியும் வக்கீல், மறுபடியும் மனு.

நீதிபதி எதை பார்ப்பார்?

பெற்றோர் ஒத்துப்போகாமல் கோர்ட்டுக்கு வந்தால் சில விஷயங்கள் முக்கியமாக கவனிக்கப்படும்.

குழந்தை இப்போது எங்கே படிக்கிறது? நன்றாக படித்துக்கொண்டிருக்கும் பள்ளியை விட்டு பாதியில் மாற்ற சரியான காரணம் வேண்டும்.

பள்ளி நாட்களில் குழந்தை யார் வீட்டில் தூங்கி எழுகிறது? அங்கிருந்து பள்ளி எவ்வளவு தூரம்? பெரம்பூரில் இருந்து தாம்பரத்துக்கு தினமும் ரெயில் மாறிப்போய் திரும்பினால் 6 வயது குழந்தை என்ன ஆகும்?

வீட்டுப்பாடம் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? காய்ச்சல் என்று பள்ளியில் இருந்து போன் வந்தால் யார் உடனே போக முடியும்? அண்ணன், அக்கா அதே பள்ளியில் இருக்கிறார்களா? பீஸை கடைசி வரை கட்ட முடியுமா?

பணக்கார பள்ளி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் பக்கம் தீர்ப்பு வந்துவிடாது. விவரம் புரிந்த வயது பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி தனியாக கூப்பிட்டு கேட்பது உண்டு. ஆனால் அது மட்டுமே முடிவு அல்ல. "நீதிபதி கேட்டா இதைத்தான் சொல்லணும்" என்று பிள்ளைக்கு சொல்லிக்கொடுத்து அழைத்து வருபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த பேச்சு எது, பிள்ளையின் சொந்த பேச்சு எது என்பது இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

பீஸ் யார் கட்டுவது?

2020-ம் ஆண்டு ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. குழந்தையின் படிப்பு செலவை பொதுவாக தந்தை ஏற்க வேண்டும். தாயும் வேலைக்கு சென்று போதுமான அளவு சம்பாதித்தால், வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். இரு தரப்பும் வருமானம், சொத்து, செலவு விவரங்களை பிரமாண பத்திரமாக தாக்கல் செய்ய வேண்டும்.

"என்னை கேட்காம சேர்த்தா, நான் ஏன் பீஸ் கட்டணும்?" என்ற கேள்வியும் வரும். அதனால்தான் அதிக கட்டணம் வாங்கும் பள்ளியில் சேர்க்கும் முன் எழுத்து மூலம் சம்மதம் வாங்குவது நல்லது.

டி.சி.யை ஒளித்து வைத்தால்?

கோபத்தில் பிள்ளையின் டி.சி., பிறப்பு சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. 2009-ம் ஆண்டு கட்டாய கல்வி உரிமை சட்டப்படி 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தை வேறு அரசு பள்ளிக்கோ, அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம். பழைய பள்ளி உடனே டி.சி. தர வேண்டும். டி.சி. வர தாமதம் ஆகிறது என்று கூறி புதிய பள்ளி சேர்க்க மறுக்கக்கூடாது. வயது சான்று இல்லை என்றும் மறுக்கக்கூடாது. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மாறும்போது இந்த டி.சி. சலுகை கிடையாது.

அட்மிஷனுக்காக குழந்தைக்கோ, பெற்றோருக்கோ இண்டர்வியூ வைப்பதும் இந்த சட்டப்படி தவறு. முதல் முறைக்கு ரூ.25 ஆயிரம் வரை, அடுத்தடுத்த முறைக்கு ரூ.50 ஆயிரம் வரை அபராதம் உண்டு. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு 2014-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பால் இந்த சட்டத்தில் இருந்து விலக்கு உள்ளது.

பிள்ளையை சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்கு அழைத்துப்போய் அங்குள்ள பள்ளியில் சேர்த்துவிட்டால் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பதும் தவறு. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து கோர்ட்டுக்குத்தான் பாதுகாவலர் வழக்கை விசாரிக்கும் அதிகாரம். ரகசியமாக தூக்கிச்சென்றது அவருக்கே பாதகமாக முடியும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

பள்ளியின் பெயர், பாடத்திட்டம், படிக்கும் மொழி.

பீஸ், வேன், புத்தகம், சீருடை செலவில் யாருக்கு எத்தனை சதவீதம், எந்த தேதிக்குள்.

பள்ளி பதிவேட்டில் தாய், தந்தை இருவர் பெயரும், இருவர் செல்போன் எண்ணும்.

மாலையில் பிள்ளையை அழைத்துச்செல்ல யார் யாருக்கு அனுமதி.

பெற்றோர் கூட்டத்துக்கு யார் போவது, ரேங்க் கார்டு நகல் இருவருக்கும் எப்படி கிடைக்கும்.

இருவர் கையெழுத்தும் இல்லாமல் டி.சி. கேட்கக்கூடாது என்ற நிபந்தனை.

6-ம் வகுப்பில் பள்ளி மாற்றுவது, பிளஸ்-1 வகுப்பில் குரூப் எடுப்பது போன்ற நேரங்களில் ஒத்துப்போகாவிட்டால் முதலில் எந்த சமரச மையத்துக்கு போவது.

கோர்ட்டு உத்தரவு இருந்தால் அதன் நகலை பள்ளி தலைமை ஆசிரியரிடம் கொடுத்து வைக்க வேண்டும். உத்தரவை பார்க்காமல் யார் சொல்வதை கேட்பது என்று பள்ளி நிர்வாகம் திண்டாடும். வாசலில் நின்று வாக்குவாதம் செய்தால் அவமானப்படுவது வகுப்பறை ஜன்னல் வழியாக பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைதான்.

எப்போது மனு போட வேண்டும்?

வழக்கு நடந்துகொண்டிருந்தால் இந்து திருமண சட்டம் 26-வது பிரிவில் குழந்தையின் படிப்புக்காக இடைக்கால மனு போடலாம். படிப்பு, பராமரிப்பு மனுவை எதிர் தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளில் இருந்து கூடிய வரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று 2001-ம் ஆண்டு திருத்தம் கொண்டு வரப்பட்டது. ஆனால் நோட்டீஸ் கைக்கு போய் சேர்வதற்கே நாள் ஆகும். மே மாத கடைசியில் ஓடினால் தீர்ப்பு வருவதற்குள் காலாண்டு தேர்வு வந்துவிடும். எனவே ஜனவரி, பிப்ரவரி மாதத்திலேயே பேச்சை தொடங்கி, ஒத்துவராவிட்டால் மனு போடுவது நல்லது.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

கணவன், மனைவி என்ற உறவு முறிந்தாலும் அப்பா, அம்மா என்ற உறவு முறியாது. எந்த பள்ளி பெரியது என்று பார்ப்பதைவிட, காலையில் அழாமல் கிளம்பி, மாலையில் களைப்பு இல்லாமல் வீடு திரும்ப எந்த பள்ளி வசதி என்று இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால், பல வழக்குகள் கோர்ட்டு படி ஏறாமலே முடிந்துவிடும்.